கற்றதை விற்கலாமா?

1901ஆம் ஆண்டு மே மாதம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரை நிகழ்த்த ஜகதீஷ் சந்திர போஸ் தயாராகிக்கொண்டிருந்தபோது, புகழ்பெற்ற தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் அவரைத் தேடி வந்தார். பெரும் செல்வந்தர். கையில் காப்புரிமை விண்ணப்பப் படிவம். எல்லாவற்றையும் இன்று மேடையில் கொட்டிவிட வேண்டாம், காப்புரிமைக்கான செலவை ஏற்றுக்கொள்கிறேன், லாபத்தில் பாதி போதும் என்பதே அவர் பேச்சின் சாரம். போஸ் மறுத்துவிட்டார். நடந்ததை ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதமாகவும் எழுதினார். அந்த வலையில் ஒருமுறை சிக்கினால் மீளமுடியாது என்ற அச்சம் அந்தக் கடிதத்தில் தெரிகிறது.

வானொலி அலைகளை உணரும் கருவி ஒன்றை அப்போது அவர் உருவாக்கியிருந்தார். கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்டு இயங்கும் கருவி அது. விவேகானந்தரின் சீடர் நிவேதிதையும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்தியதால்தான் அதே ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. போஸ் அதைக் கொண்டு ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. 1917 நவம்பரில் கொல்கத்தாவில் தம் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தபோது, அது ஆய்வுக்கூடம் மட்டுமல்ல, கோயிலும்கூட என்றார். அங்கே கண்டறிவது எல்லாம் உலகத்தின் பொதுச்சொத்து, காப்புரிமை எடுப்பதில்லை என்பது அந்த நிறுவனத்தின் நெறியானது.

போஸ் பணியாற்றிய பிரசிடென்சி கல்லூரியிலேயே வேதியியல் கற்பித்தவர் பிரபுல்ல சந்திர ராய். போஸின் நண்பர். இருவருக்கும் பிரம்ம சமாஜப் பின்னணி உண்டு, இருவரும் பிரிட்டனில் படித்துத் திரும்பியவர்கள். ஆனால் ராய் போன வழி வேறு. 1892இல் மேல் சர்க்குலர் சாலையில் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே சுமார் 700 ரூபாய் முதலில் மருந்து தயாரிக்கத் தொடங்கினார். கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை வாங்கி வந்து, அவற்றிலிருந்து பாஸ்பேட் எடுத்தார். பட்டம் வாங்கிய வங்காள இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கு வரிசையில் நிற்கிறார்கள், சாதாரண மருந்துகூடக் கப்பலில் வருகிறது, இதைப் பார்த்துக்கொண்டு வேதியியல் பாடம் மட்டும் நடத்திக்கொண்டிருப்பது எப்படி என்ற தவிப்புதான் அவரை அந்தத் தொழிலுக்குள் தள்ளியது. 1901இல் அது பெங்கால் கெமிக்கல் என்ற பங்கு நிறுவனமாக ஆயிற்று. இந்தியக் கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்த ஸ்டார்ட்அப்களுக்கு முன்னோடி என்று அதைச் சொல்வதில் தவறில்லை.

ராய் அதனால் செல்வந்தர் ஆகிவிடவில்லை. திருமணம் செய்துகொள்ளாமல், கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் ஓர் அறையிலேயே வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பிறகு வந்த சம்பளத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ஆக, ஒருவர் துறவி, மற்றவர் வியாபாரி என்று பிரித்துவிட முடியாது. இருவருமே துறவிகள்தான். ஒருவரின் மனச்சாட்சி விற்காதே என்றது. மற்றவரின் மனச்சாட்சி செய்து விற்காமல் இருப்பதே குற்றம் என்றது.

இன்று பல பல்கலைக்கழகங்களில் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகம் இருக்கிறது, இன்குபேஷன் மையம் இருக்கிறது. பேராசிரியர்களிடம் கட்டுரைகளோடு காப்புரிமைக் கணக்கும் கேட்கப்படுகிறது. அந்த இரண்டு நண்பர்களுக்கு இடையே இருந்த கேள்விதான் இந்த அலுவலக மேசைகள் எல்லாவற்றிலும் கிடக்கிறது. நிர்வாகக் கேள்வியாக அதைச் சுருக்கிவிட்டதால் அதன் ஆழம் கண்ணில் படுவதில்லை.

அறிவுக்கு விலை வைக்கலாமா என்பதைச் சமயங்கள் மிகப் பழைய காலத்திலேயே விவாதித்திருக்கின்றன. உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் நான்கு தானங்களில் ஒன்றாக வைத்தது சமணம். பொருள் கொடுத்தால் குறையும், கல்வி கொடுக்கக் கொடுக்கக் கூடும் என்ற எண்ணம் தமிழ்க் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே பழக்கமானது. சம்பளத்துக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவரைச் சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்களில் ஒருவராக மனுஸ்மிருதி சேர்த்தது. ஐரோப்பாவில் 1179இல் கூடிய கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லேட்டரன் சங்கம், கற்பிக்க அனுமதி தருவதற்கு யாரும் பணம் வாங்கக் கூடாது என்று தடைசெய்தது. அந்தச் சங்கம் அதோடு நிற்காமல், ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியரின் பிழைப்புக்கு வழிசெய்ய வேண்டும், அவர் ஏழை மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றும் விதித்தது. அறிவு கடவுளின் கொடை, அதை விற்க முடியாது, ஆனால் கற்பிப்பவரின் உழைப்புக்குக் கூலி உண்டு என்று பின்னால் வந்த திருச்சபைச் சட்ட அறிஞர்கள் நுட்பமாகப் பிரித்தார்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் வளர்ந்தது இந்த விவாதத்தின் நடுவில்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விற்காதே என்று சொன்ன மரபுகளே கொடுக்காதே என்றும் சொல்லியிருக்கின்றன. சம்பள ஆசிரியரை ஒதுக்கிய அதே மனுஸ்மிருதி, சூத்திரருக்கு வேதத்தைக் கற்பிக்கவே கூடாது என்றது. வைத்திய ஏடுகள் ஒரு குடும்பத்துப் பரணில் தலைமுறை தலைமுறையாக அடைந்துகிடந்து, கடைசி வாரிசோடு மண்ணாகிப்போன ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. அங்கே பணம் கைமாறவில்லை, அறிவும் கைமாறவில்லை. தம் இறுதி நாட்களில் புத்தர் ஆனந்தரிடம், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று வைத்துக்கொள்ளாமல் கற்பித்ததாகவும், ஆசானின் மூடிய கை தம்மிடம் இல்லை என்றும் சொன்னதாகப் பாலி நூல்கள் குறிக்கின்றன. அவர் நீக்க நினைத்த குற்றம் பேராசை அல்ல, பதுக்கல். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இன்றைய விவாதம் வெகுவாகத் தெளியும்.

காப்புரிமைச் சட்டத்தின் அடிப்படைப் பேரம் பதுக்கலுக்கு எதிரானது. கண்டுபிடித்ததை எல்லோரும் படிக்கும்படி எழுதிக் கொடு, பதிலுக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள், இன்று பொதுவாக இருபது ஆண்டுகள், வேறு யாரும் உன் அனுமதியின்றிச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறோம் என்கிறது அது. காலக்கெடு முடிந்ததும் அறிவு பொதுவாகிவிடும். குடும்ப ரகசியத்தைவிட இது மேலானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த இருபது ஆண்டுகளுக்குள் ஒரு நோயாளி சாகலாம்.

காப்புரிமையே எடுக்காமல் விட்டால் அறிவு ஏழைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை உடைக்க ஜெரோம் ஹார்விட்ஸின் கதை ஒன்றே போதும். டெட்ராய்ட்டில் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் பணியாற்றிய அவர் 1964இல் ஏஇசட்டி என்ற சேர்மத்தைத் தயாரித்தார். எலிகளின் ரத்தப் புற்றுநோயை அது குணப்படுத்தவில்லை. காப்புரிமை எதுவும் வாங்காமல் கட்டுரை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து எய்ட்ஸ் வந்தது. எச்ஐவியை ஏஇசட்டி தடுக்கிறது என்று அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவன விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்ட பரோஸ் வெல்கம் நிறுவனம் அந்தப் பயன்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றது. 1987இல் மருந்து சந்தைக்கு வந்தபோது ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 10,000 டாலர். ஹார்விட்ஸுக்கு ஒரு காசும் வரவில்லை. அது அவரது தனிப்பட்ட இழப்பு. விலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அவரோ அவர் நிறுவனமோ இல்லாமல் போனதுதான் பெரிய இழப்பு.

டொரான்டோவில் இன்சுலினைக் கண்டவர்கள் இதை முன்பே யோசித்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயது லியனார்டு தாம்சனுக்குப் போட்ட ஊசி பலன் தந்த பிறகு, உலகமே அந்த மருந்தைக் கேட்டது. மருத்துவர் எடுத்த உறுதிமொழிக்குக் காப்புரிமை பொருந்தாது என்று கருதிய பிரெடரிக் பேன்டிங், விண்ணப்பத்தில் தம் பெயரைச் சேர்க்க முதலில் இணங்கவில்லை. உடன் உழைத்தவர்கள் தலைக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு உரிமையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். வேறு யாரும் அதை எடுத்துத் தனியுடைமை ஆக்கிவிடாமல் இருக்கவும், தரமில்லாத மருந்து வெளியே போகாமல் இருக்கவும்தான் அந்தக் காப்புரிமை. எலை லில்லி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடாமல் இருந்திருந்தால், மாட்டு, பன்றிக் கணையங்களிலிருந்து டன் கணக்கில் இன்சுலின் எடுப்பது டொரான்டோ ஆய்வுக்கூடத்தால் முடிந்திருக்காது. கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் மட்டுமே அக்கறை காட்டியிருந்தால் குழந்தைகள் செத்திருப்பார்கள்.

ஆனால் அந்த ஒரு டாலர் தர்மம் ஒரு தலைமுறையோடு தேய்ந்துவிட்டது. பழைய காப்புரிமை முடிந்தது, மூலக்கூறில் புதுப்புது மாற்றங்கள் செய்து நிறுவனங்கள் புதிய காப்புரிமைகள் எடுத்தன. அமெரிக்காவில் 1996இல் 21 டாலருக்கு விற்ற ஹூமலாக் இன்சுலின் குப்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் 275 டாலர் ஆனது. பணமில்லாமல் மருந்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டுக்கொண்ட நோயாளிகளின் கதைகள் அங்கே நாடாளுமன்றம் வரை போயின. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2023இல்தான் நிறுவனங்கள் பட்டியல் விலையைப் பெரிதாகக் குறைப்பதாக அறிவித்தன.

தமிழ்நாட்டில் கோயில் நிலம் என்றொரு ஏற்பாடு உண்டு. நிலம் தெய்வத்துக்குச் சொந்தம். தர்மகர்த்தா அதைத் தாமாக விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம். குத்தகைக்காரர் உழுது பயிரிட்டுத் தம் பங்கை எடுத்துக்கொள்வார், மீதி விளக்குக்கும் பூசைக்கும் போகும். தரிசாகப் போட்டால் தெய்வத்துக்கும் பயனில்லை, ஊருக்கும் பயனில்லை. வேண்டியவருக்குச் சொற்பக் குத்தகைக்கு எழுதிக் கொடுப்பதும், குத்தகைக்காரர் நாளடைவில் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதும்தான் அங்கே நடக்கும் பாவங்கள். பொதுமக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகத்தில் விளைந்த அறிவை இப்படிப் பார்ப்பதே சரியாகத் தோன்றுகிறது. பல்கலைக்கழகம் உரிமையாளர் அல்ல, தர்மகர்த்தா.

1980க்கு முன் அமெரிக்காவில் இருந்தது தரிசுப் பிரச்சினை. அரசு நிதியில் கண்டவை அரசுக்கே சொந்தம் என்பதால் சுமார் 28,000 காப்புரிமைகள் அரசிடம் குவிந்துகிடந்தன. அவற்றில் 5 சதவீதத்துக்கும் குறைவானவையே உரிமம் பெற்றுப் பொருளாயின. அந்த ஆண்டு வந்த பே-டோல் சட்டம் உரிமையைப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றியது. அதனால் விளைந்த நன்மை சிறியதல்ல. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் மரபணுக்களை வெட்டி ஒட்டும் கோஹன்-பாயர் முறையை யாருக்கும் தனியுரிமையாகக் கொடுக்காமல், கேட்டு வந்த நிறுவனங்களுக்கெல்லாம் உரிமம் கொடுத்தன. 468 நிறுவனங்கள் பெற்றன. பல்கலைக்கழகங்களுக்குச் சுமார் 255 மில்லியன் டாலர் வந்தது, உயிரித் தொழில்நுட்பம் என்ற துறையும் வளர்ந்தது. நல்ல குத்தகைக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது கடினம்.

அதற்கு நேர்மாறான சான்று அதற்கு முன்பே விஸ்கான்சினில் உண்டு. 1920களில் ஹாரி ஸ்டீன்பாக், புற ஊதாக் கதிர் பட்ட உணவில் வைட்டமின் டி உண்டாகிறது என்று கண்டார். சொந்த லாபம் வேண்டாமென்று உரிமையைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் 1925இல் அமைத்த அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அறக்கட்டளையின் வருமானம் மேலும் ஆராய்ச்சிக்கே போனது. ஆனால் விஸ்கான்சின் பால்பண்ணை மாநிலம். வெண்ணெய்க்குப் போட்டியான மார்கரினில் வைட்டமின் டி சேர்க்க அறக்கட்டளை உரிமம் தர மறுத்தது. வெண்ணெய் வாங்க முடியாத ஏழைகள் சாப்பிட்டது மார்கரின், எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் அதிகம் வந்ததும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குத்தான். 1940களில் அந்தக் காப்புரிமை செல்லாது என்று சொன்ன மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த மறுப்பையும் கண்டித்தது. யாரும் தனிப்பட்ட பேராசையால் இதைச் செய்யவில்லை. தாங்கள் நல்ல நோக்கத்தோடு வைத்த கதவு யார் முகத்தில் மூடியது என்பதை அந்த நல்லவர்கள் பார்க்கத் தவறினார்கள்.

பட்டா மாறும் கதையும் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் அமெரிக்க அரசு நிதியின் துணையோடு பிறந்தது என்ஸலூட்டமைட் என்ற புரோஸ்டேட் புற்றுநோய் மருந்து. அமெரிக்கப் பட்டியல் விலை ஆண்டுக்கு 1.5 லட்சம் டாலரைத் தாண்டியது. 2016இல் அந்த மருந்தின் ராயல்டி உரிமை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 1.14 பில்லியன் டாலருக்கு விற்கப்பட்டது, பல்கலைக்கழகத்தின் பங்கு அதில் 520 மில்லியன் டாலர். பே-டோல் சட்டத்தில், பொதுநலன் பாதிக்கப்பட்டால் அரசே தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் கொடுக்கலாம் என்ற பிரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்தக் கோரி நோயாளிகள் கொடுத்த மனு 2023இல் நிராகரிக்கப்பட்டது.

சென்னைக்கு வந்தால் மனதுக்கு இதமான காட்சிகளும் உண்டு. 1990களில் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு தொலைபேசி ஆராய்ச்சியைத் தொடங்கியபோது முதலில் யோசித்தது விலையை. ஓர் இணைப்புக்கு 30,000 ரூபாய்க்கு மேல் செலவான காலம் அது. அதைப் பத்தாயிரத்துக்கு இறக்கினால்தான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற கம்பியில்லாத் தொழில்நுட்பமாக கார்டெக்ட் உருவானது. முன்னாள் மாணவர்கள் நடத்திய மைடாஸ் நிறுவனம் அதைப் பொருளாக்கியது. பின்னால் செல்பேசி வந்து அதை மூடிவிட்டது என்பது வேறு விஷயம். அதே ஐஐடியின் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு, குடிநீரில் இருக்கும் பூச்சிமருந்தை வெள்ளி நுண்துகள்களால் நீக்கும் வழியைக் கண்டது, அது வீட்டு வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. பிறகு ஆர்செனிக் கலந்த நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் அம்ரித் என்ற முறையைக் கொடுத்தது. மின்சாரம் இல்லாத கிராமத்திலும் அது வேலை செய்யும். 2010இல் எழுந்த ஐஐடி ஆய்வுப் பூங்காவும் அதைச் சுற்றி வளர்ந்த ஸ்டார்ட்அப்களும் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி.

இதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, ஒரு கண்டுபிடிப்பை முன்பே வெளியிட்டுவிட்டால் காப்புரிமை கிடைக்காது. அதனால் ஆய்வு மாணவரிடம், விண்ணப்பம் போகும்வரை கருத்தரங்கில் வாய் திறக்காதே என்று சொல்லப்படுகிறது. லண்டனில் தந்தி முதலாளி போஸிடம் கேட்டதும் இதைத்தான். சில மாத மௌனம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வழிகாட்டும் பேராசிரியரே நிறுவனத்தின் பங்குதாரராகவும் இருக்கும்போது, எந்த முடிவு ஆய்வேட்டில் வரும், எது நிறுவனத்தின் பெட்டிக்குள் போகும் என்பதைத் தீர்மானிப்பது யார்? அங்கே மூடிய கை மறுபடியும் தலைகாட்டுகிறது. மாணவரின் ஆய்வேடு எக்காரணம் கொண்டும் நிறுவன நலனுக்காகத் தாமதமாகக் கூடாது என்ற விதி ஒவ்வொரு வளாகத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தர்மகர்த்தாவின் கடமை எந்த நாளில் நிறைவேறுகிறது அல்லது தவறுகிறது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் 2001இல் நடந்தது துல்லியமாகக் காட்டியது. ஹார்விட்ஸ் தயாரித்த இன்னொரு சேர்மம் டி4டி. அது எச்ஐவியைத் தடுக்கும் என்று யேலில் வில்லியம் புரூசாஃபும் டை-ஷுன் லின்னும் கண்டார்கள். இம்முறை பல்கலைக்கழகம் காப்புரிமை எடுத்து, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனியுரிமம் கொடுத்திருந்தது. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம், மூன்று எய்ட்ஸ் மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தரத் தயார் என்றது. அந்த மூன்றில் டி4டியும் ஒன்று. எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு தென்னாப்பிரிக்காவில் மலிவு மருந்தை அனுமதிக்கும்படி யேலைக் கேட்டது. தனியுரிமம் கொடுத்தாயிற்று, நிறுவனம்தான் பதில் சொல்ல முடியும் என்றது பல்கலைக்கழகம். மாணவர்கள் திரண்டார்கள். எண்பது வயதான புரூசாஃப் தம் மருந்து ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மார்ச் மாதத்தில் நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று அறிவித்து, விலையையும் குறைத்தது. அந்தப் போராட்டத்தில் ஈடுபட்ட மாணவர்கள் தொடங்கிய அமைப்பு பிறகு பல நாடுகளுக்குப் பரவியது.

யேல் அன்று சொன்ன பதில் சட்டப்படி தவறில்லை. கையெழுத்துப் போட்ட பிறகு கைகள் கட்டப்பட்டுத்தான் இருந்தன. அதனால்தான் கேள்வியை அதற்கு முன்பே, ஒப்பந்தத்தின் வரைவு மேசையில் இருக்கும்போதே கேட்க வேண்டியிருக்கிறது. தனியுரிமம் தேவையா, பலருக்குக் கொடுத்தாலே போதுமா? குறித்த ஆண்டுக்குள் பொருளாக்காவிட்டால் உரிமை திரும்பி வருமா? ஏழை நாடுகளில் பிறர் தயாரிக்கத் தடை இருக்குமா? விலையைப் பற்றிப் பல்கலைக்கழகம் ஒரு வார்த்தையாவது சொல்ல முடியுமா? 2007இல் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் கூடி, உரிமம் கொடுக்கும்போது மனதில் கொள்ள வேண்டிய ஒன்பது அம்சங்களை எழுதி வெளியிட்டன. கவனிப்பாரற்ற நோயாளிகளின் தேவையை நினைவில் வை என்பது அதில் ஒன்பதாவது. அது பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் இப்போதுதான் பெருமளவில் இத்தகைய ஒப்பந்தங்களை எழுதத் தொடங்கியிருக்கின்றன. அந்த ஒன்பதாவது அம்சத்தை இங்கே முதல் நிபந்தனையாக வைக்க எந்தச் சட்டமும் தடையாக இல்லை.